ஓராண்டில் ஈராண்டு

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், இளைஞர் ஒருவர் என்னருகே வந்து தயங்கி நின்றார். திருப்பதியில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்பவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ஐந்தாண்டுகள் ஆகிவிட்டன என்றார்.

"ஐயா, நீங்கள் கல்லூரிக்கே போகாமல் இன்டர் முடித்தவர் என்று சொன்னார்கள். இரண்டு வருஷப் படிப்பை ஒரே வருஷத்தில் முடித்துவிட முடியுமா?"

"முடியும், தம்பி" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஒற்றைச் சொல் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. நான் சொன்னது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. ஓராண்டில் ஈராண்டுப் படிப்பை முடித்தவன் என்ற பெயர் எனக்கு எப்படியோ அமைந்துவிட்டது. அந்தப் பெயருக்குள் மறைந்து கிடக்கும் கணக்கை நான் யாருக்கும் இதுவரை விரித்துச் சொன்னதில்லை. மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர்கள் வந்தபோது, இதையே எழுதிவிடலாம் என்று தோன்றிற்று.

தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி என்று வழங்குவதை எங்கள் ஆந்திரத்தில் இன்டர்மீடியட் என்பர். பேச்சு வழக்கில் இன்டர். நான் எழுதிய காலத்தில் கலைப் பிரிவில் ஆண்டுக்கு ஐந்து தாள்; தாளுக்கு 100 மதிப்பெண்; ஈராண்டுக்கும் சேர்த்துப் பத்துத் தாள், 1000 மதிப்பெண். தாளுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி.

1991ஆம் ஆண்டு சித்தூரில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்புத் தேறினேன். அந்தக் கோடையிலேயே தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். எனக்குப் பின் இரண்டு தங்கையர். கல்லூரி விண்ணப்பம் வாங்குவதற்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த பணம் மருந்துக்குப் போயிற்று. அடுத்த வாரமே நான் வெல்ல மண்டியில் கணக்கெழுதும் பையனாகச் சேர்ந்தேன். சித்தூர் வெல்லத்தின் பெயரை அறியாதார் நம்மில் குறைவு. வண்டிகளில் வந்திறங்கும் வெல்லத்தை நிறுத்து, எடையைக் குறித்து, தரகு கழித்து, விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையைப் பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. கையெல்லாம் பிசுபிசுக்கும். எழுதிய தாளில் ஈ மொய்க்கும்.

வேலை எனக்குத் துன்பமாக இல்லை. துன்பம் வேறிடத்தில் இருந்தது. என்னோடு படித்த நண்பன் இன்டர் முடித்து, திருப்பதியில் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டான். விடுமுறைக்கு வந்தவன் ஒரு நாள் தன் வீட்டுக்கு வெல்லம் வாங்க மண்டிக்கு வந்தான். புத்தகப் பையைத் தோளில் மாட்டியிருந்தான். நான் எடைக்கல்லை எடுத்துக்கொண்டிருந்தேன். இருவரும் சிரித்தோம், இருவருக்கும் பேச்சு வரவில்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை. இழந்த ஆண்டுகளை எப்படியாவது எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி அன்று பிறந்தது. அறிவு வேட்கையால் நான் படிக்கத் தொடங்கினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவன்று, நாணமே என்னைப் படிக்க வைத்தது.

வழியைக் கண்டு வந்தவனும் அந்த நண்பனே. பத்தாம் வகுப்புத் தேறி இரண்டாண்டு கழிந்தவர், கலைப் பிரிவில், வகுப்பு வருகையிலிருந்து விலக்குப் பெற்றுத் தனித்தேர்வராக இரண்டாண்டுத் தேர்வுகளையும் ஒருங்கே எழுதலாம் என்று கேட்டறிந்து வந்தான். 1994 மார்ச்சில் தேர்வு. கையில் பத்து மாதங்களே இருந்தன.

மாதம் இருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில், பேருந்தேறித் திருப்பதிக்குப் போவேன். எழுபது கிலோமீட்டர்த் தொலைவு. நண்பனின் விடுதி அறையில் அவன் சேர்த்து வைத்திருந்த பழைய பாடநூல்களைப் பெற்றுக்கொண்டு, மாலைப் பேருந்தில் திரும்புவேன். அவை தெலுங்கு அகாதெமி வெளியிட்ட நூல்கள். வரலாறு, பொருளியல், குடிமையியல் ஆகியவற்றுக்குத் தமிழில் பாடநூல் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் நாங்கள், பேசுவதில் தடையில்லை. ஆனால் தெலுங்கில் ஒரு பாடத்தைப் படித்து, தமிழில் சிந்தித்து, மீண்டும் தெலுங்கில் விடை எழுத வேண்டும் என்றபோது, ஒவ்வொரு பக்கமும் ஒரு மலையாகத் தெரிந்தது. ஒரு பத்தியை வாசிப்பேன். அதன் பொருளைத் தமிழில் குறிப்பேட்டில் எழுதுவேன். மறுநாள் குறிப்பேட்டைப் பார்த்து அதே பத்தியைத் தெலுங்கில் எழுதிப் பார்ப்பேன். கல்லூரி மாணவன் ஒரு மணியில் முடிப்பதற்கு எனக்கு மூன்று மணி ஆயிற்று. அப்போது அதை என் தீயூழ் என்று நொந்துகொண்டேன். அப்படி மொழிபெயர்த்துப் படித்த பாடங்கள் மட்டுமே இன்றும் என் நினைவில் நிற்கின்றன.

வரலாறு அப்படி வந்த பாடம். திருப்பதிப் பேருந்து சந்திரகிரியைக் கடக்கும்போதெல்லாம் குன்றின் அடியில் கோட்டையும் அரண்மனையும் தெரியும். 1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகர அரசு பெனுகொண்டாவுக்கும், பிறகு இந்தச் சந்திரகிரிக்கும் பெயர்ந்தது என்ற செய்தியைப் புத்தகத்தில் படித்த வாரத்திலேயே, பேருந்திலிருந்து இறங்கி அந்தக் கோட்டைக்குள் நடந்தேன். அதன் பின் அந்தப் பாடத்தை நான் மனப்பாடம் செய்யவேண்டி இருக்கவில்லை.

பொருளியல் அப்படி வரவில்லை. காலம் நெருங்க நெருங்க, மொழிபெயர்த்துப் படிக்கும் பொறுமை போயிற்று. 'முக்கிய வினா விடை' என்று கடையில் விற்ற மெல்லிய புத்தகம் ஒன்றை வாங்கினேன். விலை மலிவு, விடைகள் தயாராக இருந்தன. தேவை விதி, தேவை நெகிழ்ச்சி, அளிப்பு விதி என்று முப்பது விடைகளை உருப்போட்டேன். மண்டியில் தராசுத் தட்டு மேலும் கீழும் ஆடும்போது என் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். முதலாளி, "என்னப்பா, மந்திரமா?" என்று கேட்பார்.

தேர்வு வந்தது. முதலாண்டுத் தாளும் இரண்டாமாண்டுத் தாளும் ஒன்றுவிட்டு ஒரு நாளாக மாறி மாறி நடந்தன. மற்ற மாணவர்க்கு இடையிடையே ஒரு நாள் ஓய்வும் திருப்புதலும் வாய்த்தன. இரண்டையும் எழுதிய எனக்கோ இன்று முதலாண்டு வரலாறு, நாளை இரண்டாமாண்டு வரலாறு. மாலையில் மண்டிக்குப் போய் அன்றைய வரவைப் பேரேட்டில் ஏற்றிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் மறுநாள் பாடத்தைத் திறப்பேன். முதலாண்டுப் பொருளியல் தாளில், தேவை நெகிழ்ச்சியின் வகைகளைத் தக்க எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக என்றிருந்தது. வகைகளை வரிசையாக எழுதினேன். எடுத்துக்காட்டு என் புத்தகத்தில் இல்லை. ஆகவே என்னிடமும் இல்லை. பேனா நின்றுவிட்டது.

ஒன்பது தாள்களில் தேறினேன். அந்த ஒரு தாளில் 28. ஏழு மதிப்பெண் குறைந்தது.

எங்கள் மண்டிக்கு வாடிக்கையாக வரும் முதியவர் ஒருவர் உண்டு. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கல்லாவுக்குக் கீழே நான் புத்தகம் வைத்துப் படிப்பதை முன்பே பார்த்திருந்தவர். முடிவு வந்த வாரம் என் முகத்தைக் கண்டு, மாலையில் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். திண்ணையில் அமர்ந்து முழுவதையும் கேட்டார்.

"நானும் வித்துவான் தேர்வைத் தனியாகப் படித்து எழுதினவன்தான், தம்பி. முதல் முறை இலக்கணத் தாளில் விழுந்தேன். நூற்பாவை ஒப்பித்தேன்; உதாரணம் கேட்டான், தெரியவில்லை. சரி, அந்தத் தேவை நெகிழ்ச்சி என்றாயே, அது என்ன? எனக்குச் சொல்."

"ஐயா, உங்களுக்குப் பொருளியல் தெரியுமா?"

"தெரியாது. அதனால்தான் கேட்கிறேன்."

நான் ஒப்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "இது புத்தகம் பேசுகிறது. நீ பேசு. பொங்கலுக்கு முன்னால் வெல்லம் விலை ஏறுகிறதே, அப்போது ஜனங்கள் வாங்காமல் விட்டுவிடுகிறார்களா?"

நான் வாயடைத்துப் போனேன். இரண்டரை ஆண்டுகளாகப் பேரேட்டில் என் கையாலேயே எழுதி வந்தவன் நான். மார்கழிக் கடைசியில் விலை ஏறும், விற்பனை குறையாது. பொங்கலுக்கு வெல்லம் வாங்காத வீடு எது? விலை ஏறினும் தேவை அசையாத பொருள். அதுவே நெகிழ்ச்சியற்ற தேவை. கோடையில் பங்கனபள்ளி மாம்பழம் விலை ஏறினால் மக்கள் வேறு வகைப் பழத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அது நெகிழ்ச்சியுள்ள தேவை. வரத்து மிகுந்த நாளில் விலை சரிவதும், மழையால் வண்டிகள் வராத நாளில் ஏலம் சூடுபிடிப்பதும் அளிப்பின் பாடம் அல்லவா? நான் சொல்லச் சொல்ல ஐயா தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்கோ அழுகை வந்தது. பகலெல்லாம் நான் வாழ்ந்துகொண்டிருந்த பாடத்தை, இரவில் எங்கோ அயல்நாட்டுச் செய்தி போல உருப்போட்டிருக்கிறேன்!

அன்றிரவு அவர் எனக்கு மு. வரதராசனாரைப் பற்றிச் சொன்னார். மு.வ.வின் குடும்பத்தார் ஊர் வேலம். அது சார்ந்த பழைய வடஆர்க்காடு மாவட்டத்துக்கு 1911 வரை எங்கள் சித்தூரே தலைநகராக இருந்தது. ஆகவே அவரைப் பற்றிப் பேசும்போது ஐயாவுக்குச் சொந்தக்காரரைப் பற்றிப் பேசும் குரல் வந்துவிடும். 1912இல் பிறந்த மு.வ., பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தரானார். உடல் நலிந்து அந்த வேலையை விட்டார். பிறகு தமிழ் படித்து, 1931இல் வித்துவான் முதல்நிலைத் தேர்வில் தேறினார். 1935இல் தாமே பயின்று வித்துவான் தேர்வெழுதி, மாநிலத்தில் முதல்வராகத் தேறித் திருப்பனந்தாள் மடத்தின் 1000 ரூபாய்ப் பரிசு பெற்றார். பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே 1939இல் கீழ்த்திசை மொழி இளங்கலைப் பட்டம்; 1944இல் முதுகலை; 1948இல் டாக்டர் பட்டம். பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகி, அப்பொறுப்பில் இருக்கும்போதே 1974இல் மறைந்தார்.

"எல்லாரும் முதல் பரிசைச் சொல்வார்கள்" என்றார் ஐயா. "நான் இடைவெளிகளைப் பார்ப்பேன். முப்பத்தொன்றுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் நான்கு வருஷம். தனியாகப் படித்தார் என்கிறோம். குறுக்காகப் படித்தார் என்று யாரும் சொல்ல முடியாது."

பின்னாளில் நானே தேடிப் படித்தபோது இதே நடையை வேறு சிலரிடமும் கண்டேன். ஈழத்து மயில்வாகனனார், பின்னர் விபுலானந்த அடிகள் என்று நாம் போற்றியவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறினார். ஆசிரியப் பணி பார்த்துக்கொண்டே 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டமும் பெற்றார். அப்பல்கலைக்கழகம் 1858 முதலே தன் வகுப்பறைக்கு வாராதவரையும் தேர்வெழுத விட்டது. நம் மதுரைச் சங்கமோ 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவியது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படிகளாகத் தேர்வு வைத்தது. தனியாகக் கற்பவனுக்கும் படிகள் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். கணித மேதை இராமானுசன் கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படிப்பு முற்றுப்பெறாமல், 1907ஆம் ஆண்டு இறுதியில் எஃப்.ஏ. தேர்வைத் தனித்தேர்வராக எழுதினார். தேறவில்லை. உலகமே வியந்த அந்த மூளை, கணிதம் தவிர்த்த பாடங்களில் தேர்வின் அளவுகோலுக்குள் அடங்கவில்லை. என் ஏழு மதிப்பெண்ணுக்கு ஆறுதல் தேட இதை நான் சொல்லவில்லை. மேதைக்கும் எனக்கும் ஒப்பில்லை. தனியாகப் படிப்பவன் தனக்குப் பிடித்ததன் பக்கமே சாய்வான் என்பதை மட்டும் சொல்கிறேன். வகுப்பறையில் மணி அடித்ததும் பாடம் மாறும். வீட்டில் அந்த மணியை அடிப்பவர் எவருமில்லை. நான் சந்திரகிரியில் மகிழ்ந்து திரிந்த நேரமெல்லாம் பொருளியலுக்கு உரிய நேரம்.

துணைத் தேர்வில் அந்தத் தாளை எழுதித் தேறினேன். 61 மதிப்பெண். எடுத்துக்காட்டு கேட்ட இடத்திலெல்லாம் வெல்லமும் மாம்பழமும் எழுதினேன். பிறகு பட்டப்படிப்பையும் அஞ்சல் வழியிலேயே முடித்து, இன்று திருப்பதியில் கணக்கராக இருக்கிறேன். தங்கையர் இருவரும் கல்லூரிக்கே சென்று படித்தார்கள். தந்தையார் என் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே கண் மூடினார். ஐயாவும் இப்போது இல்லை.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். நான் ஈராண்டுப் படிப்பை ஓராண்டில் முடித்தேனா? பத்து மாதங்கள் படித்தேன். ஒரு தாளில் தோற்றேன். மீண்டும் சில மாதங்கள் படித்தேன். அதற்கும் முன்னே மண்டியில் இரண்டாண்டுகள் நின்றேன். இரண்டாண்டு இடைவெளி இருந்தால்தான் இரண்டு தேர்வையும் சேர்த்து எழுதலாம் என்ற விதியை அப்போது வெறும் அலுவலக விதியாகவே எண்ணினேன். இன்று அதில் ஒரு நியாயம் தெரிகிறது. இழந்தவனுக்குத்தான் அந்தக் குறுக்கு வழி திறக்கிறது. அவன் அதற்குரிய ஆண்டுகளை வேறொரு பேரேட்டில் முன்பே செலுத்திவிட்டான். அந்த ஆண்டுகளை வீண் என்று ஒதுக்கிவிட்டுப் படிக்கத் தொடங்கியதே என் பிழை. அவற்றைப் பாடத்தோடு சேர்த்துக்கொண்ட அன்று நான் தேறினேன்.

இன்று வழிகள் பெருகியுள்ளன. 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தோன்றி, 2002 முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்று வழங்குவது, ஐந்து பாடங்களை ஐந்தாண்டுக்குள் ஒவ்வொன்றாகவோ சேர்த்தோ எழுதித் தேற இடமளிக்கிறது. ஆண்டுக்கு இருமுறை பொதுத் தேர்வு நடத்துகிறது. தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதில்லை. விரைபவனுக்கும் அதில் இடமுண்டு. இடறி விழுந்தவனுக்கும் இடமுண்டு. எனினும் எந்தத் திறந்த பள்ளியும் திண்ணையில் அமர்ந்து "நீ பேசு" என்று சொல்லாது. அந்த ஒருவரைப் படிப்பவன்தான் தேடிக்கொள்ள வேண்டும். அவர் பாடம் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மாவாக இருக்கலாம், கடை முதலாளியாக இருக்கலாம். அவருக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் பாடம் உமதாயிற்று. முடியாவிட்டால் இன்னும் ஒரு வாரம் அந்த இடத்திலேயே நில்லுங்கள். அந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய் நான் பல மாதங்களை இழந்தேன்.

இதை எழுதத் தொடங்கும் முன், சென்ற வாரம், அந்த இளைஞரின் கடைக்குப் போனேன். என் கைப்பேசி விரைவில் சூடாகிறது என்று காரணம் சொன்னேன். அவர் மின்னேற்றியை வாங்கி, அதன் முதுகில் இருந்த நுண்ணெழுத்தைக் காட்டினார்.

"இதோ பாருங்கள், ஐயா. ஐந்து வோல்ட், இரண்டு ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் பத்து வாட். உங்கள் பழைய ஃபோனுக்கு இது போதும். ஃபோன் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மின்னோட்டத்தைத்தான் இழுத்துக்கொள்ளும். கோளாறு இதில் இல்லை, பேட்டரியில்" என்று, விரலால் மேசைமேல் கோடிழுத்து விளக்கினார்.

எனக்கு நன்றாக விளங்கிற்று. பௌதிகம் நான் படித்ததேயில்லை.

"தம்பி, இது பாடத்தில் வரும் தெரியுமா?" என்றேன்.

அவர் கையிலிருந்த சிறு திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "இதுவா?" என்று கேட்டார்.